ஏட்டில் ஏறாத போர்வைகள்



எங்கள் பள்ளியின் தையற் குழு இதுவரை எத்தனை ஒட்டுப் போர்வைகளைத் தைத்து முடித்திருக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஓய்வு பெற்றுப் போன தையல் டீச்சர், "நாற்பது இருக்கும்" என்கிறார். பீரோச் சாவியை வைத்திருக்கும் சிஸ்டர், "எழுபதுக்குக் குறையாது" என்கிறார். தோட்ட வேலை பார்க்கும் ஆயாவோ, "நூறு கூட இருக்கும் கண்ணு, நான் எத்தனையைக் காயப் போட்டிருக்கேன்!" என்கிறார். மூவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆனால் மூவரிடமும் ஏடு இல்லை.

தைத்து முடித்த ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதைச் சொல்லவும் ஒரு கட்டுரை வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்களும் போன வருடம் வரை அப்படித்தான் சிரித்திருப்போம்.

ஒட்டுப் போர்வை என்றால் என்னவென்று தெரியாத தங்கைகளுக்காக இரண்டு வார்த்தை. ஆங்கிலத்தில் இதைக் கில்ட் என்பார்கள். மேலே பல துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சோ பழம்புடவையோ, அடியில் ஒரே துணியாக ஒரு விரிப்பு. இம்மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் அது போர்வை. நாங்கள் வழக்கமாகத் தைப்பது ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் கொண்டது. ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டி, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், ஆறு அங்குலச் சதுரம் கிடைக்கும். அகலத்தில் பத்து, நீளத்தில் பதினான்கு, ஆக நூற்று நாற்பது சதுரங்கள். குழுவில் நாங்கள் பதினான்கு பேர். ஆளுக்குப் பத்துச் சதுரம். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும்.

துணிக்கு நாங்கள் காசு செலவிடுவதில்லை. தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணி, சிறிதாகிப் போன யூனிபாரம், அம்மாவின் பழைய புடவை, தாத்தாவின் வேட்டி ஆகியவை எல்லாம் எங்கள் கூடையில் வந்து சேரும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தைப்போம். முடித்த போர்வை முதியோர் இல்லத்துக்கோ, அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்க்கோ, மாற்றலாகிப் போகும் சகோதரிக்கோ போய்விடும். கொடுத்த அன்று கைதட்டல், மறுவாரம் அடுத்த போர்வைக்கு வெட்டு. இவ்வளவுதான் வழக்கம்.

சென்ற ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் தைத்துக் கொண்டிருந்த அறை வாசலில் ஒரு தாய் வந்து நின்றார்கள். அவர்களுடைய மகள் பல ஆண்டுகளுக்கு முன்பு இதே அறையில் தைத்தவர். எங்களுக்கு அக்கா முறை. அந்த அக்கா அதற்கு முந்திய ஆண்டு நோயுற்று இறந்து போனார்கள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர். ஒன்பதாவது படிக்கறப்போ அவ தைச்ச போர்வை எங்கே இருக்குன்னு சொன்னா, ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுவேன். என்னோட பச்சைப் புடவையிலே நாலு துண்டு வெட்டி எடுத்துக்கிட்டு வந்தா. கேட்காமே வெட்டினதுக்குத் திட்டிட்டேன்" என்றார்கள்.

பீரோவைத் திறந்தோம். கத்தரிக்கோல், நூற்கண்டு, மெழுகு, உடைந்த விரலுறை எல்லாம் இருந்தன. எழுத்து ஒன்றும் இல்லை. சிஸ்டரின் பழைய கைப்பேசியில் சில படங்கள் இருந்தனவாம். அது பழுதானபோது படங்களும் போய்விட்டன. அந்த ஆண்டுப் போர்வைகள் பெரும்பாலும் முதியோர் இல்லத்துக்குத்தான் போயிருக்கும் என்று தையல் டீச்சர் தொலைபேசியில் சொன்னதால், மறுநாள் சனிக்கிழமை எங்களுள் இருவர் சிஸ்டருடனும் அந்த அம்மாவுடனும் அங்கே போனோம்.

இல்லத்தில் எங்கள் பள்ளிப் போர்வைகள் பதினொன்று இருந்தன. கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தோம். பாட்டிமார் சிலர், பறித்துக் கொண்டு போய்விடுவோமோ என்று போர்வையை இழுத்துப் பிடித்துக் கொண்டார்கள். பச்சைச் சதுரம் உள்ளவை மூன்று இருந்தன. பலமுறை துவைத்து, வெயிலில் காய்ந்து, பச்சையெல்லாம் ஒரே வெளிறிய சாம்பலாகி இருந்தது. அந்த அம்மா மூன்றையும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த போர்வையின் அருகே வெகுநேரம் நின்றார்கள். "இதுவா இருக்கலாம்" என்றார்கள். பிறகு, "தெரியலையே அம்மா" என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? கால்மணி நேரம். அந்தக் கால்மணியை எங்களுக்கு முன்னே படித்த எவரும் ஒதுக்கவில்லை. நாங்களும் ஒதுக்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் கையால் ஒன்பதாம் வகுப்பில் தைத்த இரண்டு போர்வைகளில் ஒன்று எங்கே போயிற்று என்று அன்று மாலை யோசித்தோம். ஆளுக்கொரு பதில் சொன்னோம்.

சரி, இது மனம் சம்பந்தப்பட்ட காரியம். வேலை சம்பந்தமாகவும் ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு மூன்று வகுப்பு மேலே படித்த அக்காமார் ஒரு தடவை அடர் சிவப்புத் துணியை நனைத்துப் பார்க்காமல் வெள்ளை வேட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தைத்து விட்டார்கள். முதல் துவைப்பிலேயே சிவப்பு இறங்கி, வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாகப் போயிற்றாம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, அதே கடையில் வாங்கிய அதே மாதிரித் துணியை, அதே மாதிரி நனைத்துப் பார்க்காமல், நாங்கள் வைத்துத் தைத்தோம். நூற்று நாற்பது சதுரம், எட்டு வெள்ளிக்கிழமை! ஒரு பக்கெட்டுத் தண்ணீரில் எல்லாம் போயிற்று. "உங்க அக்காங்களும் இப்படித்தான் செஞ்சாங்க" என்று ஆயா அப்போதுதான் சொன்னார்கள். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. ஆனால் அது ஆயாவின் வேலை அல்ல, ஏட்டின் வேலை.

இனி, எங்கள் கருத்தை மறுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார் தையல் டீச்சர். பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் ஏட்டில் படம் வரைந்த சுரைக்காயைப் பற்றிப் பேசவில்லை. காய்த்துப் பறித்துச் சமைத்து முடித்த சுரைக்காயின் விதையை முடிந்து வைப்பது பற்றிப் பேசுகிறோம். டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "வாய் மட்டும் இருக்கு" என்றார், கோபமாகச் சொல்லவில்லை.

சிஸ்டர் சொன்ன மறுப்புதான் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தர்மம் செய்கிறபோது வலக்கையும் இடக்கையும் எப்படி இருக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை எங்களுக்கு நினைவூட்டினார். "யார் தைத்தார்கள், யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்கு எழுதினால் அது தர்மமா, தம்பட்டமா?" என்றார். நியாயமான கேள்வி. எங்களுக்குள்ளும் அந்த ஆபத்து இருப்பதை மறைப்பானேன்? ஏடு என்ற பேச்சு எழுந்த அன்றே, யார் பெயர் முதலில் வருவது என்று இருவர் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். தையல் கோணியவள் ஒருத்தி, "என் பெயர் வேண்டவே வேண்டாம்" என்றாள்.

ஆயினும் திருச்சபையே ஏடு வைத்திருக்கிறதே என்று எங்களுக்குத் தோன்றிற்று. பங்குக் கோவில்களில் ஞானஸ்நான ஏடும் திருமண ஏடும் உள்ளன. 1563-ஆம் ஆண்டிலேயே திரெந்து பொதுச்சங்கம், திருமணங்களைப் பங்குக்குரு ஒரு புத்தகத்தில் பதிந்து காக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. அந்த ஏட்டைத் தம்பட்டம் என்று யாரும் சொல்வதில்லை. அது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. தேவைப்படும் அன்று மட்டும் வெளியே வருகிறது. மேடையில் வாசிப்பது வேறு, எழுதிப் பூட்டி வைப்பது வேறு அல்லவா?

இந்த விவாதம் நடந்து கொண்டிருந்த வாரங்களில், பிற நாட்டு ஒட்டுப் போர்வைகளைப் பற்றித் தேடிப் படித்தோம். அவற்றுள் இரண்டு கதைகள் எங்களை விட்டுப் போகவில்லை.

ஹாரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் விடுதலை பெற்றவர். அவர் விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வை 1886-இல் ஏதென்ஸ் என்னும் ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஆதாமும் ஏவாளும், காயீனும் ஆபேலும், யாக்கோபின் ஏணி, இயேசுவின் திருமுழுக்கு, சிலுவை எனப் பதினொரு கட்டங்கள். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைக் கண்டு விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்து விட்டார். சில ஆண்டுகளில் வறுமை வந்தபோது பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பின்னும் தம் போர்வையைப் பார்ப்பதற்கென்றே பலமுறை வந்து போனாராம். இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்கு அந்தப் பச்சைப் புடவை அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

ஜென்னி ஸ்மித் செய்த புண்ணியம் என்னவென்றால், ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை எழுதி வைத்தார். இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வை வெறும் துணியாக இல்லாமல் பேசுகிறதென்றால், அந்த எழுத்தும் ஒரு காரணம். இன்னொரு போர்வை பாஸ்டனில் இருக்கிறது. நெடுங்காலம் இந்த இரண்டுதான் அவர் தைத்தவை என்பது போலவே பேசப்பட்டது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும் நினைத்தார்கள். ஆனால் 1896-இல் அவர் எழுதிய ஒரு கடிதம் பிற்காலத்தில் வெளிப்பட்டது. கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் அதை வெளியிட்டார். தாம் தைத்த வேறு போர்வைகளையும், அவற்றுள் ஆண்டவரின் கடைசி இராவுணவைத் தைத்த போர்வையையும் பவர்ஸ் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் போர்வை நம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று இருந்தது என்று நமக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதிய சில வரிகள், இல்லாமற்போன போர்வைக்கும் ஓர் இருப்பைக் கொடுத்துவிட்டன!

மற்றொன்று துயரமான கதை. 1841-இல் இங்கிலாந்திலிருந்து ராஜா என்ற கப்பலில் நூற்றெண்பது பெண் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சிறைப் பெண்களுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை அம்மையாரின் சங்கத்தார் அவர்களுக்குத் துணித் துண்டும் ஊசியும் நூலும் கொடுத்து அனுப்பினார்கள். மாதக் கணக்கான கடற் பயணத்தில் அப்பெண்கள் ஒரு பெரிய போர்வையைத் தைத்தார்கள். அதில் 2,815 துண்டுகள். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. கப்பலின் பெயரும், கைதிகள் தைத்தது என்ற செய்தியும், சங்கத்தாருக்கு நன்றியும் அதில் எழுத்தாகத் தைக்கப்பட்டுள்ளன. தைத்தவர்களின் பெயர் இல்லை.

அதே பெண்கள் ஒவ்வொருவரின் பெயரும், என்ன குற்றம் செய்தாள் என்பதும் கைதிகளின் ஏட்டில் ஒழுங்காக இருக்கின்றன. குற்றத்துக்கு ஏடு இருந்தது. கைத்திறனுக்கு ஏடு இல்லை. இதை நாங்கள் சிஸ்டரிடம் படித்துக் காட்டினோம். சிஸ்டர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏட்டை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். எங்களுக்கு அனுமதி கிடைத்தது இப்படித்தான். நிபந்தனை ஒன்று உண்டு: ஆண்டு விழா மேடையில் ஏட்டை வாசிக்கக் கூடாது. ஒப்புக் கொண்டோம்.

ஆனால் இன்னொரு விஷயத்தில் சிஸ்டருக்கும் எங்களுக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. போர்வையின் அடிப்புறம் ஒரு மூலையில் சிறியதாக ஆண்டையும் தைத்தவர் பெயரின் முதலெழுத்தையும் நூலால் தைக்க வேண்டும் என்கிறோம். ஏடு ஓரிடத்திலும் போர்வை ஓரிடத்திலும் இருந்தால் எதற்கு எது என்று எப்படித் தெரியும்? வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா என்னும் விரிப்புகளில் சில பெண்கள் தம் பெயரையே தைத்து வைத்தார்கள். குருசதய் தத் என்பவர் சேகரித்த காந்தாக்களில், மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்து, அச்செய்தியையும் தைத்து வைத்தது புகழ்பெற்றது. அவர் அப்படிச் செய்யாவிட்டால் இன்று தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் அவர் பெயரைச் சொல்ல முடியுமா? போர்வையைப் பெறுகிறவர்களுக்கு நம் பெயர் பாரமாக இருக்கும் என்கிறார் சிஸ்டர். இப்போதைக்கு ஏட்டின் வரிசை எண்ணை மட்டும் மூலையில் தைக்கிறோம். எண்ணில் தம்பட்டம் இல்லையே!

ஏடு எப்படி இருக்கிறது என்று சொல்லுகிறோம். கெட்டி அட்டை போட்ட, கோடு போட்ட நீள நோட்டு. அளவு, சதுரக் கணக்கு, தொடங்கிய நாள், முடித்த நாள், நடுவில் வைத்தது பஞ்சா புடவையா, எங்கே போயிற்று என்பவை முதலில் வரும். பெயர்களை அகர வரிசையில் எழுதுகிறோம், சண்டை தீர்ந்தது. துணி யார் வீட்டிலிருந்து வந்தது என்பதற்குத்தான் அதிக இடம் விட்டிருக்கிறோம். அதில் சுவையான செய்திகள் சேர்கின்றன. ஒருத்தியின் சதுரம் அவள் அம்மா முதல் சம்பளத்தில் வாங்கிய சுங்குடிச் சேலை. இன்னொருத்தியுடையது, பள்ளியில் சேர்ந்த வருடம் போட்ட யூனிபாரம். ஒவ்வொரு துணியிலும் ஓர் அங்குலத் துண்டை அந்தப் பக்கத்திலேயே நூலால் தைத்து வைக்கிறோம். முதலில் குண்டூசி குத்தினோம். மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியையும் தாளையும் கறையாக்கி விட்டது. பசையும் கூடாது; பூச்சி வரும். எந்தத் துணி சாயம் போயிற்று, எது சுருங்கிற்று, எந்த வரிசையில் சதுரம் கோணிற்று என்று தவறுகளையும் எழுதுகிறோம். தவறு செய்தவள் பெயரை மட்டும் எழுதுவதில்லை. அது எங்கள் சொந்தச் சட்டம்.

இனிமேல் தைப்பவற்றுக்கு இது போதும். முன்னே போனவற்றை என்ன செய்வது? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1981-இல் சிலர் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஊர் ஊராக நாள் குறித்து, வீட்டில் உள்ள ஒட்டுப் போர்வைகளைக் கொண்டு வரச் சொல்லி, ஒவ்வொன்றையும் பார்த்து, படமெடுத்து, யார் எப்போது தைத்தது என்று கேட்டு எழுதினார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான போர்வைகள் பதிவாயின. பிற மாநிலத்தாரும் அந்த வழியைப் பின்பற்றினார்கள். ஒரு மாநிலம் செய்ததை ஒரு பள்ளி செய்ய முடியாதா?

ஆகவே முன்னாள் மாணவியரான அக்காமாரையும், பெற்றோரையும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன சகோதரிகளையும் கேட்டுக் கொள்கிறோம். உங்களிடம் எங்கள் பள்ளிப் போர்வை இருந்தால் திருப்பித் தர வேண்டாம். அதன் நீள அகலம், துணிகளின் நிறம், எந்த ஆண்டு கிடைத்தது, உங்களுக்கு நினைவிருக்கும் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். கிழிந்து போனதானாலும் எழுதுங்கள். தொட்டிலில் விரித்தது, நாய்க்குட்டிக்குப் போட்டது எல்லாமே எங்களுக்கு வேண்டும்.

ஏட்டின் முதல் பக்கத்தில் முதியோர் இல்லத்து ஜன்னலோரக் கட்டிலில் உள்ள போர்வையை எழுதியிருக்கிறோம். அளவு, ஐந்தடிக்கு ஏழடி. பச்சைச் சதுரம், நான்கு. தைத்தவர் என்ற இடத்தில் அந்த அக்காவின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறோம். அந்த அம்மா கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் மறுபடி வந்தபோது அந்தப் பக்கத்தைக் காட்டினோம். கேள்விக்குறியை அழித்து விடலாமா என்று நாங்கள் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். பையிலிருந்து ஒரு பழைய பச்சைப் புடவையை எடுத்து, ஓரத்தில் ஓர் அங்குலம் வெட்டிக் கொடுத்தார்கள். அதை அந்தப் பக்கத்தில் தைத்திருக்கிறோம்.